சிவசைலத்துக்கு எடுத்த பாராட்டு விழா

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியவில்லை. குடை விரித்தால் காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், விரிக்காமல் நடந்தால் சட்டை அரைகுறையாக நனையும். அப்படி ஒரு சாரல். 'தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்' என்று கேட்டால் இந்த மனிதர் தேதியையும் வானிலையையும் சொல்கிறாரே என்று பார்க்கிறீர்கள். பாருங்கள். ஆனால் தம்பி, இந்தத் தெருவில் அந்தக் கேள்விக்கு முறையாக விடை சொல்ல வேண்டுமானால் அந்த நாளிலிருந்துதான் சொல்ல வேண்டும். எனக்கு முறையாகச் சொல்லித்தான் பழக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியர். பத்தாண்டுகளாக இந்த வாய்க்கால் தெரு நலச் சங்கத்தின் தலைவர். பெயர் ஆவுடையப்பன்.

உட்காருங்கள். நாற்காலியை இழுக்காதீர்கள், அது அங்கேதான் இருக்க வேண்டும். தரையில் சுண்ணாம்புக் குறி போட்டிருக்கிறேன், தெரிகிறதா? நன்று. மின்விசிறி வேண்டாம், அந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் பார்க்க வந்த பதினான்காம் எண் வீட்டின் சாவி எதிர்வீட்டுச் சபூரா அம்மாளிடம் இருக்கிறது. அவர் கடையநல்லூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பதினொரு மணிப் பேருந்தில் வந்துவிடுவார். வந்தால் இதே கதையை வேறு மாதிரி சொல்வார். ஆகவே அவர் வருவதற்குள் நான் சொல்லிவிடுவது நல்லது.

அந்த வீடு உலகம்மாளுடையது. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம், அவருடைய தம்பி சிவசைலம். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது, ஆறடி உயரம். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். உங்கள் தோளுக்கு மேலே இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசுவான். குக்கர் விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். தொட்டால் போதும், சுட்டுவிட்டதைப் போலக் கையை இழுத்துக்கொள்வான்.

எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தான். படித்தான் என்பது ஒரு பேச்சுக்கு. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல், சன்னலின் கம்பிகள் எத்தனை என்று சொல்வான். அதனால் அந்த ஆண்டு முழுவதும் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். வெயில், மழை என்று பாராமல் நின்றான். ஒருநாளும் குறை சொல்லவில்லை. அவனுக்கும் அது பிடித்திருந்தது என்றே எண்ணுகிறேன்.

இந்தத் தெரு அவனைக் கெடுத்துவைத்திருந்தது. நான் மறைக்கவில்லை, சங்கக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். உலகம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தார்: பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேளுங்கள், தொடாதீர்கள், திடீரென்று திட்டத்தை மாற்றாதீர்கள். தெருவும் கேட்டது! சலூன் வைத்திருக்கும் முத்துப்பாண்டி இருக்கிறானே, புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, மிஷின் போடாமல் கத்தரிக்கோலால் மட்டும் அவனுக்கு முடி வெட்டுவான். எனக்கு? எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் வரிசை. சபூரா அம்மாள் அவனுக்கென்று ஒரு தம்ளர் வைத்திருந்தார். வேறு தம்ளரில் கொடுத்தால் குடிக்கமாட்டானாம். நான்கூடத்தான் வேறு தம்ளரில் குடிக்கமாட்டேன். அது சுத்தம் பற்றியது. இரண்டும் ஒன்றாகுமா?

இதற்கெல்லாம் ஒரு பெயர் வேறு வந்து சேர்ந்தது: ஆட்டிசம். டெய்சி ராணி என்றொரு பெண், பாளையங்கோட்டைக்காரர். நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடத்தினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும், கவனம் ஓரிடத்தில் நிற்காதவர்களுக்குமாம். குழந்தைகளுக்கு என்றால் சரி. இவர்கள் எல்லாம் மீசை வைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். ஒருவர் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண், ஓராண்டில் ஆறு கைப்பேசி தொலைத்தவர். இருதயராஜ் என்றோர் ஆட்டோக்காரர், ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டார். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்களாம். எப்படி உதவி? காலையில் ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டு 'அடுப்ப அணைச்சாச்சா' என்று கேட்பாராம். மின்வாரிய அலுவலகத்துக்குப் போக ஒருவருக்குப் பதற்றமாக இருந்தால் இன்னொருவர் கூடப் போய் நிற்பாராம். ஒன்றும் செய்வதில்லை, வெறுமனே நிற்பது! இதற்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு துண்டறிக்கை.

அந்தத் துண்டறிக்கையைத்தான் என்னிடம் கொண்டுவந்தார். பதினொரு பிழைகள். திருத்திக் கொடுத்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் நான் பேசியதைக் கேட்டார். இந்த அறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புறப்படும்போது, "சார், நீங்களும் ஞாயித்துக்கிழமை வாங்களேன். ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வந்து இருங்க, போதும்" என்றார். சிறப்புரைக்கு அழைப்பவர்கள் முதலில் இப்படித்தான் தயங்கித் தயங்கித் தொடங்குவார்கள். போனேன். 'மன உறுதியே மருந்து' என்னும் தலைப்பில் ஐம்பது நிமிடம் பேசினேன். ஒருவரும் கைதட்டவில்லை. அங்கே கைதட்டக் கூடாதாம். இரண்டு கைகளையும் உயர்த்தி அசைக்கிறார்கள். விளக்கைக் குறைத்துவைத்திருந்தார்கள். யாரும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கவில்லை, தோளில் தட்டவில்லை. உண்மையைச் சொன்னால், பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குத் தலைவலி இல்லாமல் கழிந்த ஞாயிறு அது ஒன்றுதான். அன்று காலையில் வயிறு நன்றாகச் சுத்தமாகியிருந்தது; அதுதான் காரணமாக இருக்கும்.

மறுபடியும் அவர் கூப்பிடவில்லை.

இனித் தண்ணீர். எங்கள் தெருவுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறை குடிநீர். எந்த நாள் என்பது தெரியும். எந்த நேரம் என்பது தெரியாது. தொட்டியில் எவ்வளவு ஏறியிருக்கிறது, நமக்கு முன்னால் எத்தனை தெரு என்பதைப் பொறுத்தது. காலை ஐந்தாகவும் இருக்கும், பத்தாகவும் இருக்கும். பெண்கள் வேலைக்குப் போவதா, குழாயடியில் காத்திருப்பதா என்று தவித்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தீர்த்தவன் சிவசைலம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

முந்தின நாள் மாலையில் தொட்டியடிக்குப் போய் மட்டம் பார்ப்பான். பிறகு தெருவிலுள்ள அறுபத்திரண்டு வீட்டுக் கதவையும் இரண்டு தட்டுத் தட்டி, "நாளை, ஆறு ஐம்பது" என்பான். அறுபத்திரண்டு வீட்டிலும் அதே குரல், அதே இரண்டு தட்டு. மறுநாள் ஆறு ஐம்பதுக்குத் தண்ணீர் வரும். ஆறு ஆண்டுகள், தம்பி. ஒரு நிமிடம் முன்பின் கிடையாது. தண்ணீர் வந்த சத்தம் கேட்டதும் தெருவின் முனையில் நின்றுகொண்டு குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவான். அதுதான் அவனுடைய சிரிப்பு என்பார் சபூரா அம்மாள். சிரிப்பு உதட்டில் அல்லவா வர வேண்டும்?

சரி. சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு. தெருவில் கொடியேற்றம். யாரையேனும் பாராட்ட வேண்டும் என்று செயற்குழுவில் பேசினோம். 'மக்கள் தொண்டர்' என்றொரு விருது. சிவசைலத்துக்குக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தவனே நான்தான். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நான்தான். அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவனும் நான், மேடைக்கு ஏற்றியவனும் நான். ஜவுளிக்கடை பொன்னுத்துரை அண்ணாச்சி சிறப்பு விருந்தினர். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் வருகிறேன் என்றார். மேளம், ஒலிபெருக்கி, பந்தல். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

உலகம்மாள் வந்தார், அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு.

"சார், இது வேண்டாம். அவனுக்கு மைக்கு, மேளம், சால்வை ஒண்ணும் ஆகாது. நல்லது செய்யணும்னு நெனச்சீங்கன்னா திங்கக்கிழமை அவன் சோலிய அவன் பாக்கட்டும். அன்னைக்கு நம்ம தெரு முறை."

"உங்கள் தம்பியின் பெருமையை நீங்களே மறைக்கலாமா?"

"பெருமைய அவனுக்குத் தெரு எப்பவோ குடுத்துட்டுது, சார். நாலு நாளைக்கு ஒருக்க குடுக்கு. அதுக்கு மேல வேண்டாம்."

பக்கத்தில் நின்ற சபூரா அம்மாளும், "சார், அவன விட்டுருங்க. சால்வைய எனக்குப் போடுங்க, நான் ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிக்கிடுதேன்" என்றார். கேலி.

நான் பொறுமையாக விளக்கினேன். சால்வை யாருக்குத்தான் பிடிக்கும்? என் பணி ஓய்வு விழாவில் பதினேழு சால்வை போர்த்தினார்கள். கழுத்தில் அந்தச் சரிகை உரசும்போது எனக்கு உடம்பெல்லாம் முள் குத்தியது. மறுநாள் காய்ச்சல் நூற்று இரண்டு. நான் பொறுத்துக்கொள்ளவில்லையா? பொறுத்துக்கொள்வதற்குப் பெயர்தான் பண்பு. உலகம்மாள் அழுதார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா காலை ஏழு மணிக்கு. ஞாயிறு மாலை சிவசைலம் என் கதவையும் இரண்டு தட்டுத் தட்டினான்: "நாளை, ஏழு இருபது."

ஏழு இருபது! என்ன நேரம் அது? ஏழு மணிக்குக் கொடி, ஏழே காலுக்கு என் வரவேற்புரை. ஏழு இருபதுக்குத் தண்ணீர் வந்தால் பந்தலில் யார் இருப்பார்கள்? நானும் அண்ணாச்சியும் மேளக்காரரும். ஆகவே வால்வு திறக்கும் பூதத்தானை வரவழைத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லக் காரணம், நீங்கள் இன்னும் இந்தத் தெருவுக்குக் குடிவரவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்குத் திற" என்றேன்.

"அதெப்படி சார்வாள்? சைலம் ஏழு இருபதுன்னு சொல்லிட்டாம்லா."

"வால்வைத் திறப்பது நீயா, அவனா?"

"திறக்கது நாந்தான். நேரம் அவனுது."

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. சில நாள் தொட்டி முன்னதாகவே நிறைந்துவிடுமாம். ஆனாலும் சிவசைலம் சொன்ன நேரம் வரும்வரை இவன் வால்வில் கம்பியை மாட்டிக்கொண்டு காத்து நிற்பானாம். "பக்கத்துல வாட்சப் பாத்துக்கிட்டே நிப்பான், சார்வாள். 'திற'ம்பான். திறப்பேன். அவன் மூஞ்சியப் பாத்தா, ஒரு நிமிசம் முந்தித் திறக்க எனக்குக் கை வராது." இதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு சொன்னான். எனக்கு ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. ஆறு ஆண்டுகளாக ஒரு தெருவே சேர்ந்து ஒருவனுடைய கணக்கைச் சரியாக்கிக்கொடுத்திருக்கிறது.

அவன் ஒப்பந்தப் பணியாளன் என்பதையும், நான் ஒரு கடிதம் எழுதினால் அது யார் மேசைக்குப் போகும் என்பதையும் நினைவூட்டினேன். மிரட்டவில்லை, நினைவூட்டினேன். "அவன்ட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருதேன், சார்வாள். முன்கூட்டியே சொன்னா கேட்டுக்கிடுவான்" என்று கெஞ்சினான். கூடாது என்றேன். சொன்னால் அவன் மறுபடியும் அறுபத்திரண்டு கதவையும் தட்டுவான். ஏன் மாறியது என்று அறுபத்திரண்டு பேரும் கேட்பார்கள். சங்கத் தலைவர் தம்முடைய உரைக்காகத் தண்ணீரை நிறுத்தினார் என்று பேச்சு வரும். நாற்பது நிமிடம் தம்பி, வெறும் நாற்பது நிமிடம்! அதற்கு இவ்வளவா?

திங்கட்கிழமை. முன்பே சொன்னேன், சாரல். கொடியேற்றினோம். பந்தல் நிறைந்திருந்தது. பெண்கள் குடத்தைத் தயாராக வைத்துவிட்டு, ஏழு இருபதுக்கு எழுந்து போகலாம் என்று ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சிவசைலம் தெரு முனையில் வால்வுக் குழியருகில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூதத்தான் அங்கே வரவில்லை. டீக்கடையில் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தானாம்.

ஏழு இருபது ஆயிற்று. தண்ணீர் வரவில்லை.

நான் வரவேற்புரையில் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். மேடையிலிருந்து எல்லாம் தெரிந்தது. அவன் வால்வுக் குழிக்குள் குனிந்து பார்த்தான். பொதுக்குழாய்க்கு ஓடினான், திறந்தான், மூடினான், திறந்தான். முதல் வீட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளே யாருமில்லை, அனைவரும் பந்தலில் அல்லவா இருக்கிறார்கள்? அடுத்த வீடு. அடுத்த வீடு. "ஏழு இருபது. ஏழு இருபது."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. "ஏல சைலம், மணி ஏழரை! உன் கணக்கு இன்னைக்கு அவுட்டு!" என்று ஒருவன் கத்தினான். "தொட்டிக்காரனும் சுதந்திர தினம் கொண்டாடுதான் போலுக்கு!" என்றான் இன்னொருவன். "அவங்கிட்ட போய்ச் சிரிக்கேளே, வெக்கமா இல்ல?" என்று சபூரா அம்மாள் எழுந்து நின்று கத்தினார். என் உரை தடைப்பட்டது. வேறு வழியின்றி ஐந்து பக்கங்களை விட்டுவிட்டு, "இப்போது விருதாளரை மேடைக்கு அழைக்கிறோம்" என்றேன். நல்ல உடற்கட்டுள்ள இரண்டு பேரை அனுப்பி அழைத்துவரச் சொன்னேன்.

கையைப் பிடித்துத்தான் அழைத்துவந்தார்கள். வேறு எப்படி அழைத்துவருவது? உலகம்மாள் பின்னால் ஓடிவந்தார். "தொடாதீங்கய்யா, அவனத் தொடாதீங்க, அவனே வருவான்" என்றார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவன் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. "நான் சொன்னேன். ஏழு இருபது. நான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். காதைப் பொத்த முடியவில்லை. இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர், "சார், சால்வை, சால்வை" என்று சைகை காட்டினார். நானே எடுத்தேன். அவனுக்கு முன்னால் அண்ணாச்சி நின்றதால், பின்னாலிருந்து போர்த்தினேன்.

கத்தினான். மனிதக் கத்தல் இல்லை அது. கையை உதறிக்கொண்டு சுழன்றான். மைக் நிறுத்தியிருந்த கம்பி அவன் கை பட்டு விசிறி அடித்தது. அண்ணாச்சிக்கு முன்பற்கள் இரண்டு போயின.

பிறகு நான்கைந்து இளைஞர்கள் அவனைக் கட்டுப்படுத்தினார்கள். அடித்தார்கள் என்று சபூரா அம்மாள் சொல்வார். நான் மேடையில் அண்ணாச்சியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பார்க்காததைச் சொல்வது என் வழக்கமன்று. காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும்வரை ஓரிடத்தில் இருக்கட்டும் என்று தோரணக் கயிற்றால் விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். கட்டச் சொன்னது நான் இல்லை. 'கயிறு அறுந்துவிடும், இரண்டாக மடித்துக் கட்டுங்கள்' என்று மட்டுமே சொன்னேன்.

எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது.

தண்ணீர் என்றால் தண்ணீர்தான், தம்பி. நான்கு நாள் முறை. ஒரு நிமிடத்தில் பந்தலில் நாற்காலிகள் மட்டுமே மிஞ்சின. பொதுக்குழாய் அந்தக் கம்பத்துக்கு எதிரேதான் இருக்கிறது. குடத்தோடு போனவர்கள் எல்லோரும் அவனைத் தாண்டித்தான் போனார்கள், அவனைத் தாண்டித்தான் வந்தார்கள். வாயில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. கடிகாரம் கட்டியிருந்த கை பின்னால் கட்டப்பட்டிருந்தது. மணி என்ன என்று பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருப்பித் திருப்பி முயன்றுகொண்டிருந்தான். உலகம்மாள் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். சாரலில் நனைந்து கயிறு இறுகியிருந்தது. சபூரா அம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு அரிவாள்மணை கொண்டுவந்து அறுத்தார். நான் அன்று ஆறு குடம் பிடித்தேன்.

மறுநாள் சங்கத்தின் அவசரக் கூட்டம். 'மேற்படி நபர் தெருவின் பொது அமைதிக்கு ஊறு விளைவிப்பவராதலின் தக்க காப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டும்' என்று தீர்மானம். ஒருமனதாக நிறைவேறியது. நானே எழுதினேன், ஒரு பிழை காட்ட முடியாது. காவல் உதவி ஆய்வாளர் உலகம்மாளிடம், "அம்மா, தெருவே எழுதிக் குடுத்திருக்கு. அவங்க வாபஸ் வாங்கினா எனக்கு ஒண்ணுமில்ல. இல்லேன்னா வழக்கு, அல்லது காப்பகம்" என்று சொல்லிவிட்டார். ஆக, எல்லாம் சங்கத்தின் ஒரு தாளில் வந்து நின்றது. தலைவர் கையொப்பம்.

அண்ணாச்சியே கட்டிய வாயோடு வந்தார். "பல்லு போனாப் போகுது, வேற வச்சிக்கிடலாம். அந்தப் பயல விட்டுருங்க, சார்" என்றார். டெய்சி ராணி மூன்று முறை வந்தார். இருதயராஜ் வந்து இந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசினார். முத்துப்பாண்டி வந்தான். ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாற்பது பேர் சேர்ந்து வந்து, "தெரியாம கையெழுத்துப் போட்டுட்டோம், கிழிச்சுப் போடுங்க" என்றார்கள். சபூரா அம்மாள் என்னை, "கல்லுக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மாரி இருக்கீரே" என்றார். அனைத்தையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் தம்பி, ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தைக் கிழிக்க முடியுமா? திரும்பப் பெறுவதற்குப் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழுவுக்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். சங்க விதி, பிரிவு ஒன்பது. அன்றைக்கே முன்னறிவிப்பு ஒட்டினேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. விதியை மாற்றுவது என்றால் எனக்கு மூச்சே நின்றுவிடும்; என்னால் முடியாது. முடியாது என்றால் முடியாதுதான். இது ஏன் ஒருவருக்கும் புரியவில்லை?

செப்டம்பர் பதினொன்றாம் நாள் பொதுக்குழு கூடியது. தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. இதுவும் ஒருமனதாக. ஆகஸ்டு இருபத்தொன்பதாம் நாளே அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காப்பகம் விருதுநகருக்கு அப்பால் இருக்கிறது. வெளியே எடுப்பதற்கான தாள்களை டெய்சி ராணியும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தாரும் அலைந்து திரிந்து நவம்பரில் வாங்கிவிட்டார்கள். இருதயராஜ் ஆட்டோவிலேயே அவ்வளவு தூரம் போனார். ஆனால் சிவசைலம் வர மறுத்துவிட்டான். தெருவுக்கு வரமாட்டேன், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றானாம். வேறு பேச்சே இல்லை. அக்காள் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: அன்றைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை? மட்டம் சரியாகத்தான் பார்த்தேன், எங்கே தவறினேன்? பூதத்தானைக் கேட்கலாம் என்றால், அவன் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். எங்கே என்று எவருக்கும் தெரியாது.

உலகம்மாள் டிசம்பர் மூன்றாம் நாள் வீட்டைக் காலி செய்தார். காப்பகத்துக்கு எதிரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அங்கேயே சமையல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சாவியைச் சபூரா அம்மாளிடம் கொடுத்துவிட்டு, என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"சார், நீங்க சங்கத் தலைவரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்குத் தண்ணி ஏன் வரல? அத மட்டும் சொல்லுங்க. அவங்கிட்ட போய்ச் சொன்னா, 'நீ தப்பில்ல'ன்னு சொன்னா, அவன் வந்துருவான் சார். எனக்குத் தெரியும், எந்திரிச்சு வந்துருவான்."

சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. அறுபத்திரண்டு வீடுகள், தம்பி. பத்தாண்டுத் தலைமை. என்னவென்று சொல்வது?

"நிர்வாகக் காரணம்" என்றேன்.

அதை அப்படியே போய் அவனிடம் சொல்லியிருக்கிறார். அது அவனுடைய கணக்கில் எங்கேயும் பொருந்தவில்லை போலும். அன்றுமுதல் அவன் அதைக் கேட்பதில்லையாம். எதையும் கேட்பதில்லையாம். காலையில் எழுப்பினால் எழுகிறான், உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருகிறான், எந்தத் தட்டில் போட்டாலும் சாப்பிடுகிறான். போன பங்குனியில் காப்பகத்தின் ஆண்டு விழா. இந்த ஆண்டு நல்லொழுக்கப் பரிசு சிவசைலத்துக்குத்தான். மேடையில் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டானாம்.